சோணைமுத்து இருந்த விரதம்

வயர்மேன் சோணைமுத்துவுக்குச் சாப்பாடு போடாத ஊர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. இருபத்தோரு வருஷ சர்வீஸ். ஆடிக்காற்றில் கம்பி அறுந்து, ஊரே கரண்டு இல்லாமல் வெந்து கிடக்கும். இவர் போஸ்ட்டில் ஏறிச் சரிசெய்துவிட்டு இறங்குவார். பாதி அரைத்த மாவோடு நிற்கிற கிரைண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். அந்தச் சந்தோஷத்தில் யாராவது ஒருவர் தட்டோடு வந்து நிற்பார். "கரண்டு குடுத்த மனுசன வெறும் வயித்தோட அனுப்புறதா?" என்பது அந்த ஊர்களின் நியாயம்.

சோணைமுத்துவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. யாராவது காசு நீட்டினால் முகம் சிவந்துவிடும். வண்டியை எடுத்துக்கொண்டு போயே விடுவார். தட்டு நீட்டினால் கோபம் வராது. ஓர் ஊரில் உளுந்தவடை, அடுத்த ஊரில் கறிச்சோறு, அதற்கடுத்த ஊரில் கலர் சோடாவும் காராச்சேவும் என்று அவருடைய நேர்மை அவரை நூற்றிநாலு கிலோவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. இதில் வேப்பங்குளத்தில் டீக்கடை வைத்திருக்கும் முத்துப்பேச்சியின் பங்கு கொஞ்சம் அதிகம். அவர் போடும் சீயம் அப்படி. கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுப்பார். சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே சோணைமுத்து ஆறு சீயத்தை உள்ளே தள்ளிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார்.

ஆடி மாதம் முதல் வாரத்தில் ஒருநாள், மின்வாரிய செக்சன் ஆபீஸில் எல்லோரையும் நிறுத்தி சேப்டி பெல்ட்டைச் சோதித்தார்கள். புதிதாக வந்த உதவிப் பொறியாளர் பிரவீணா மேடம் ஒவ்வொருவராக மாட்டிக்காட்டச் சொன்னார். கூட வேலை பார்க்கும் காளிராஜ் ஒட்டடைக்குச்சி உடம்புக்காரர். அவருக்கு மூன்றாவது ஓட்டையிலேயே பெல்ட் மாட்டியது. சோணைமுத்து பெல்ட்டை இழுத்தார், மூச்சை அடக்கினார், பல்லைக் கடித்தார். கடைசி ஓட்டைக்கும் கொக்கிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

"பெரிய பெல்ட்டா ஒண்ணு எழுதிப் போடலாமே மேடம்" என்றார்.

"பெல்ட்டு வாங்கிரலாம்ணே. நேத்து ஏணில மூணாவது படியில நின்னு எவ்வளவு நேரம் மூச்சு வாங்குனீங்கன்னு நான் பாத்துட்டுத்தான இருந்தேன்? மேல போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஒங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? தீபாவளி வரைக்கும் டைம், அதுவரைக்கும் மேல ஏற வேண்டாம். இதே பெல்ட்டு மாட்டணும். இல்லேன்னா இனிமே ஒங்களுக்கு ஆபீஸ்ல போன் எடுக்குற வேலதான்."

மேடம் குரலை உயர்த்தவில்லை, முகத்தையும் கடுமையாக்கவில்லை. அதனால் சோணைமுத்துவுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

போன் எடுக்கும் நாற்காலியில் என்ன கேவலம் என்று கேட்கலாம். மின்விசிறி உண்டு, வெயில் இல்லை, சம்பளமும் அதே சம்பளம். ஆனால் சோணைமுத்துவின் கதை வேறு. அவருடைய அப்பா இருளாண்டி ஊரான் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். அவர்கள் தெருவுக்குக் கரண்டு வந்ததே சோணைமுத்துவுக்கு மீசை முளைத்த பிறகுதான். அந்தப் போஸ்ட்டை நடுவதற்குக் குழி தோண்டியது ஒப்பந்தக் கூலியாக இருந்த சோணைமுத்துதான். எட்டு வருஷம் குழி தோண்டி, போஸ்ட் சுமந்து, பிறகுதான் வேலை நிரந்தரமாகி ஏணியில் ஏறினார். ஏறி நின்றால் ஊரே தலையைத் தூக்கி அவரைப் பார்க்கும். காட்டில் குனிந்தே வாழ்ந்து முடித்த இருளாண்டியின் மகனுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிது. அதை விட்டு இறங்குவதற்கு அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவி சுமதியிடம் சொன்னார். சொன்ன கையோடு சபதமும் போட்டார். "நாளையிலருந்து சோறு கெடையாது, கறி கெடையாது, எண்ணெய்ப் பண்டம் எதுவும் கெடையாது. காலையில குதிரவாலிக் கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரி பட்டினி."

"என்னங்க, இருவது வருசமாத் தின்னு வளத்த ஒடம்ப ஒரே நாள்ல ஒழிச்சிர முடியுமா? கொஞ்சங் கொஞ்சமாக் கொறைங்க" என்றார் சுமதி.

"கொஞ்சமாத் தின்னா நாக்கு கேக்காது. சுத்தமா விட்டாத்தான் விடும்."

சுமதி மளிகைக் கடைக்குப் போய் ரெண்டு கிலோ குதிரைவாலி வாங்கிவந்தார்.

வீட்டில் இருக்கும் வரை சபதம் நன்றாகத்தான் போயிற்று. நாலாம் நாள் வேப்பங்குளத்தில் டிரான்ஸ்பார்மர் பியூஸ் போய்விட்டது. போட்டுவிட்டுத் திரும்பும்போது முத்துப்பேச்சி கடை வாசலில் தட்டோடு மறித்தார். ஆறு சீயம். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வேண்டாங்கக்கா."

"ஏன்?"

"வேண்டாம்."

முத்துப்பேச்சியின் முகம் மாறிவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யார் வீட்டில் கை நனைக்கிறோம், யார் வீட்டில் நனைக்கவில்லை என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் லேசில் மறப்பதில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று வேண்டாம் என்றால், அதற்கு ஆயிரம் அர்த்தம் முளைக்கும். "எங்க கைப்பண்டம் ஆகாமப் போச்சா தம்பி?" என்று முத்துப்பேச்சி கேட்டார். சின்ன வயதில் அப்பாவோடு போன இடங்களில் தண்ணீருக்குத் தனிச் சொம்பு பார்த்தவர் சோணைமுத்து. அந்தக் கேள்வியின் வலி அவருக்குத் தெரியும். வயிறு பெருத்துப் பெல்ட் மாட்டவில்லை என்ற உண்மையை நாலு ஆம்பளைகளுக்கு முன்னால் சொல்லவும் நாக்கு வரவில்லை. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அதெல்லாம் இல்லக்கா. நான் விரதத்துல இருக்கேன்."

"திடீர்னு அப்படி என்ன விரதம்?"

"கொலசாமிக்கு ஒரு வேண்டுதல். லைன்ல யாருக்கும் ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு, தீபாவளி வரைக்கும்."

முத்துப்பேச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நமக்காக ஒரு மனுசன் வயித்தக் காயப்போடுறானே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோணைமுத்துவுக்குக் காது சுட்டது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மானம் தப்பியது, சபதமும் தப்பியது என்று வழியெல்லாம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டும் வந்தார்.

பாவம், ஒன்றை யோசிக்கவில்லை. நம் ஊரில் சும்மா இருக்கிறவனுக்குப் போடும் சாப்பாட்டைவிட விரதம் இருக்கிற சாமிக்குப் போடும் சாப்பாடு அதிகம். சாமிக்குப் போட்டால் புண்ணியம் அல்லவா? ஒரே வாரத்தில் செய்தி அவர் லைன் பார்க்கும் ஏழு ஊருக்கும் பரவிவிட்டது. அதுவரை சோணைமுத்து என்றும் வயர்மேன் என்றும் கூப்பிட்டவர்கள் "வாங்க சாமி" என்றார்கள். கறிச்சோறு நின்றது. அதற்குப் பதிலாகத் தலைவாழை இலையில் நெய் ஊற்றிய பருப்புச்சோறு, வடை, பாயசம் வந்தது. ஓர் ஊரில் சர்க்கரைப் பொங்கல், இன்னோர் ஊரில் பானகம், வண்டியில் தொங்கவிட ஒரு சீப்பு வாழைப்பழம். இதை வேண்டாம் என்று சொல்ல என்ன பொய் இருக்கிறது? சாமியைவிடப் பெரிய சாக்கு அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டார். சாப்பிட்ட குற்றத்துக்கு வீட்டில் ராத்திரி பட்டினி கிடந்தார். பட்டினி கிடந்த வெறியில் மறுநாள் பாயசத்தை இரண்டு முறை வாங்கினார்.

ஆவணிக் கடைசியில் அருப்புக்கோட்டைக்குப் போனபோது, பருத்திக் கமிஷன் கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியின் தராசில் ஏறி நின்றார். பருத்தி மூட்டை போடுகிற தராசு, பொய் சொல்லாது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "நூத்தியேழு. சாக்கு எடையக் கழிக்கலாம்னு பாத்தா ஒனக்குச் சாக்கும் இல்லையேப்பா" என்றார்.

கூட வந்த காளிராஜ் சிரித்து உருண்டார். "ஏலே மாப்ள, கறி தின்னப்ப நூத்திநாலு. சாமியான பெறகு நூத்தியேழு. பேசாம நீ மறுபடியும் மனுசனாயிரு."

சோணைமுத்துவும் சிரித்தார். ராத்திரி படுக்கையில் சுமதியிடம் மட்டும், "போன் வேல ஒண்ணும் கஷ்டமில்ல, நானே கேட்டு வாங்கிரட்டுமா?" என்றார். சுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். வேப்பங்குளத்தில் ஒரு வீட்டு மீட்டரில் தீப்பொறி வந்ததாகச் சொல்லி சோணைமுத்து போயிருந்தார். வேலை முடிந்து டீக்கடையைத் தாண்டும்போது கூட்டமாக இருந்தது. முத்துப்பேச்சி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கை நடுங்கியது. யார் என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் முனகினார்.

பக்கத்து வீட்டு யுவராணி அழுதுகொண்டே சொன்னாள்: "சுகர் மாத்திரய முழுங்கிட்டுச் சாப்பிடாம இருக்காக அண்ணே. வெள்ளிக்கெழம தவறாம இதே கூத்துதான். சொன்னாக் கேக்க மாட்டேங்காக. ஒங்க விரதத்துக்குத் தொணையா இவுகளும் இருக்காகளாம்."

சோணைமுத்து கரண்டுக்காரர், அவசரத்துக்குக் கை வேலை செய்யும். கடையிலிருந்த சீனி டப்பாவை எடுத்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். முத்துப்பேச்சியை நிமிர்த்தி உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கால் மணி நேரத்தில் முத்துப்பேச்சிக்குத் தெளிவு வந்தது. கண்ணைத் திறந்து சோணைமுத்துவைப் பார்த்தார்.

"விரதம் முறிஞ்சு போச்சே தம்பி. ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

சோணைமுத்து அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தேழு வயது ஆம்பளை, கூட்டத்துக்கு நடுவில் அழுதார்.

"விரதமும் இல்ல, வேண்டுதலும் இல்லக்கா. வயிறு பெருத்து பெல்ட்டு மாட்ட மாட்டேங்குது. தீபாவளிக்குள்ள கொறைக்கலேன்னா போஸ்ட்டுல ஏற விட மாட்டாக. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன். ஒங்களக் கொல்லப் பாத்தேனே, பாவி."

யாரோ ஒருவர் பின்னால் களுக்கென்று சிரித்தார். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூறுகெட்ட மனுசா" என்றார். "சாமி பேரச் சொல்லி ஏய்ச்சதுக்கு ஒன்ன நாலு சாத்து சாத்தணும். இப்ப எந்திரிக்கத் தெம்பில்ல. நீ வேண்டாம்னு சொன்னியே, அதுதான் அன்னைக்கு எனக்கு வலிச்சது. போதும்னு சொல்லியிருந்தா நான் கோவிக்கவா போறேன்? இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் ஏங்கிட்டப் போதும்னு சொல்லிருக்கியா நீ? வச்சா வச்சதெல்லாம் திம்ப. இல்லேன்னா தட்டயே தள்ளிவிடுவ."

சோணைமுத்து யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லைதான். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கு வைங்க என்று சொல்லத் தெரியும், இப்போது வேண்டாம் என்று சொல்லவும் பழகியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் கையை நீட்டி மறிக்கிற பழக்கம் அவருக்கு வந்ததே இல்லை.

முத்துப்பேச்சி யுவராணியிடம் சொல்லி ஒரு சீயம் எடுத்துவரச் செய்தார். "இந்தா. ஒண்ணு. தின்னுட்டு வேலையப் பாரு. இன்னொண்ணு கேட்டா கரண்டிய எடுப்பேன்."

அந்த வாரம் முழுவதும் சோணைமுத்து ஏழு ஊருக்கும் போய், தான் சாமியும் இல்லை சாமியாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பல ஊர்களில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஓர் ஊரில் இலை போட்டுப் பரிமாறிய ஒரு வீட்டுக்காரர் மட்டும் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அது தனக்கு வேண்டியதுதான் என்று சோணைமுத்துவும் விட்டுவிட்டார்.

அதன் பிறகு ஏற்பாடு இதுதான். ஒரு நாளைக்கு ஏதாவது ஓர் ஊரில் ஏதாவது ஒரு பண்டம், அதுவும் ஒன்றே ஒன்று. மற்ற ஊர்களில் மோர். யாரும் முகம் சுளிக்கவில்லை. சொல்லப்போனால் ஊர்களுக்கு இது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. "காலையில வேப்பங்குளத்துல ஆச்சாமே, இங்க மோருதான்" என்று முன்கூட்டியே போன் போட்டு விசாரித்து வைத்துக்கொண்டார்கள். வீட்டில் மத்தியானச் சோறு திரும்பி வந்தது, ஒரு கரண்டி குறைவாக. ராத்திரிக்குக் குதிரைவாலி. ஞாயிற்றுக்கிழமை கறியும் உண்டு. கறிச்சட்டியைச் சுமதி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். லைன் பார்க்கப் போகும்போது வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, கம்பி போகிற வழியே கரிசலில் நடந்து போனார்.

நடுவில் ஒரு காதுகுத்து விருந்தில் கை மீறிவிட்டது. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பழைய சோணைமுத்துவாக இருந்தால் மறுநாள் பட்டினி கிடந்து, அதற்கு மறுநாள் இரண்டு மடங்கு தின்றிருப்பார். இந்தத் தடவை மறுநாள் எழுந்து எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டார். "நேத்துத் தின்னது நேத்தோட போச்சு" என்று சுமதி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. காலையில் வேப்பங்குளத்திலிருந்து போன். வேப்பமரக் கிளை ஒன்று லைன் மேல் விழுந்து, ஊர் முழுக்கக் கரண்டு இல்லை. பிரவீணா மேடம், காளிராஜ், சோணைமுத்து மூவரும் ஜீப்பில் போனார்கள். கிளையை இழுத்துப் போட்டாயிற்று. போஸ்ட்டில் ஏறிக் கம்பியைச் சேர்க்கவேண்டும். டீக்கடை வாசலில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

காளிராஜ் பெல்ட்டை எடுத்தார். மேடம், "இருங்க. இன்னைக்குச் சோணைமுத்து அண்ணன் மாட்டட்டும்" என்றார்.

அதற்கு முந்தின வாரம் அண்ணாச்சி தராசில் தொண்ணூற்றெட்டு வந்திருந்தது. போதுமா போதாதா என்று அவருக்கே தெரியாது. பெல்ட்டை இடுப்பில் சுற்றினார். வயிற்றை எக்கினார். கடைசி ஓட்டையில் கொக்கி விழுந்தது. ஊர் கைதட்டத் தயாரானது.

"அண்ணே, மூச்ச விடுங்க" என்றார் மேடம். "மேல போயும் மூச்சு விடணும்ல?"

சோணைமுத்து மேடத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அடக்கிய மூச்சை முழுவதும் விட்டார். வயிறு கொஞ்சம் சரிந்து பெல்ட்டில் உட்கார்ந்தது. கொக்கி அசையவில்லை. மேடம் விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.

கம்பியில் கரண்டை நிறுத்தியாயிற்று என்று லைன் கிளியர் வாங்கி, காளிராஜ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சோணைமுத்து ஏறினார். மூன்றாவது படியில் நிற்கவில்லை. மேலே போய் பெல்ட்டைப் போஸ்ட்டில் சுற்றிக்கொண்டு நின்றபோது, மழை பெய்த கரிசல் திருச்சுழிப் பக்கம் வரை கறுத்துக் கிடந்தது. கீழே எல்லா முகமும் அவரை அண்ணாந்து பார்த்தது. அந்த நிமிஷம் அவர் தன் அப்பாவை நினைத்துக்கொண்டார். கண் கலங்கியதைத் தோளில் துடைத்துவிட்டு, கம்பியைச் சேர்த்தார்.

அவர் இறங்கி, சுவிட்சைப் போட்டதும் ஊரில் கிரைண்டர்கள் ஓட ஆரம்பித்தன. முத்துப்பேச்சி தட்டோடு வந்தார். தட்டில் ஒரே ஒரு சீயம் இருந்தது.

சோணைமுத்து அதைக் கையில் எடுத்து, அவசரப்படாமல் ஊதி ஆறவைத்து, பாதியைக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே நெற்றியைச் சுருக்கினார். மிச்சப் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க்கா, இன்னைக்குப் புதுசா இதுல சுக்குத் தட்டிப் போட்டிருக்கீகளா?"

முத்துப்பேச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட தொறந்த மொத நாள்லருந்து போடுறேன்" என்றார்.